ஊழியப் பயணம் போகலாம், பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 27. தனியார் பள்ளி ஆசிரியை. தங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்துக்குச் செயலாளர். வருகிற மே மாதம் ஐக்கியத்திலிருந்து 14 பேர் ஜார்க்கண்ட் மாநிலம் சாகிப்கஞ்ச் மாவட்டத்துக்குப் பத்து நாள் ஊழியப் பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். அங்கே ராஜ்மகால் மலையில் பஹாடியா, சந்தால் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் நாற்பது பேர் தங்கிப் படிக்கும் ஒரு விடுதி. அதை நடத்துகிறவர் இவர்கள் ஊரிலிருந்தே பல வருடங்களுக்கு முன் மிஷனெரியாகப் போனவர், எல்லோருக்கும் 'அண்ணன்'. காலையில் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), மதியம் விளையாட்டு, ஒரு நாள் மருத்துவ முகாம், விடுதிச் சுவருக்கு வர்ணம், கடைசி நாள் துணிமணியும் நோட்டுப் புத்தகமும் விநியோகம் என்று நிகழ்ச்சி நிரல் தயார். தலைக்கு 9,500 ரூபாய் வீதம் மொத்தம் 1,33,000 ரூபாய் செலவு. பரிசுப் பொருளுக்குத் தனியாக 60,000 ரூபாய் காணிக்கை சேர்ந்திருக்கிறது.

சிக்கல் இனிமேல்தான். அண்ணன் போனில் இரண்டு வேண்டுகோள் வைத்திருக்கிறார். விடுதியில் 9 வயதுச் சிறுமியும் அவளுடைய தம்பியான 7 வயதுப் பையனும் இருக்கிறார்கள். அப்பா இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் இறந்துவிட்டார். 'திரும்பும்போது இவர்களைக் கூட்டிப்போய் உங்கள் பக்கம் ஒரு போர்டிங்கில் சேர்த்துவிடுங்கள், நன்றாகப் படிப்பார்கள், அம்மா முத்திரைத்தாளில் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டார்' என்கிறார். இன்னொன்று, ஒவ்வொரு பிள்ளையையும் போட்டோ எடுத்து, பெயர், குடும்பக் கதை, ஜெபக் குறிப்பு எல்லாம் போட்டு அட்டை தயாரிக்க வேண்டும். அதைக் காட்டி மாதாமாதம் பணம் தருகிறவர்களைத் தேடலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற அத்தை ஒருவர் ஐந்து பிள்ளைகளுக்குத் தர இப்போதே தயார். கனடாவிலிருந்து ஓ.சி.ஐ. அட்டையோடு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) வரும் சித்தப்பா மகளும் பயணத்தில் சேர ஆசைப்படுகிறாள்.

சபைப் பெரியவர் ஒருவர், 'காலம் சரியில்லை, போனாலே கேஸ் போடுவான்' என்கிறார். இன்னொருவர், 'தேவனுடைய வேலைக்கு மனுஷனிடம் பர்மிஷனா?' என்கிறார். போகலாமா, அந்தப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா, என்னென்ன காகிதம் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார் சகோதரி.

சகோதரி, நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பயணம் போகலாம். பிள்ளைகளைக் கூட்டி வரக் கூடாது. 14 பேரும் போக வேண்டுமா, மே மாதம்தான் போக வேண்டுமா என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

அந்த இரண்டு பிள்ளைகள்

அவர்களை 'அனாதைப் பிள்ளைகள்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா உயிரோடு இருக்கிறார், கல்குவாரியில் கூலி வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமை தோறும் நடந்தே வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்று அடுத்த பக்கத்தில் நீங்களே எழுதுகிறீர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இல்லாதது பணமும் அப்பாவும்தான், சகோதரி. தாய் இருக்கிறார். அவரிடமிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுவந்து வைத்தால், வாரம் ஒரு முறை வருகிற அந்த அம்மா வாழ்நாளில் எத்தனை முறை வர முடியும்? 7 வயதுப் பையன் ஓரிரு வருடத்தில் தமிழ் பேசுவான். அம்மாவோடு பேசுகிற மொழி அதே வேகத்தில் அவன் வாயிலிருந்து போய்விடும்.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அதன் 3-ஆம் பிரிவில் அடிப்படைக் கொள்கைகளை அடுக்குகிறது. பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு. இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியாக. ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே பராமரிப்பு இல்லை என்றால், அந்த மாவட்டத்துக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தக் குழு. அண்ணனோ நீங்களோ அல்ல.

முத்திரைத்தாளைப் பற்றிப் பலருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அம்மாவே எழுதிக் கொடுத்துவிட்டார், அப்புறம் யார் கேட்க முடியும் என்று. முத்திரைத்தாளில் நிலம் கை மாறும், பிள்ளை மாறாது. காப்பாளர் உரிமை வேண்டுமென்றால் நீதிமன்றம் போக வேண்டும். இல்லையென்றால் நலக் குழுவின் உத்தரவு வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயின் கைநாட்டு உங்களைக் காப்பாற்றாது. உங்களுக்கு எதிராக முதலில் எடுத்துக் காட்டப்படுவதே அதுவாக இருக்கலாம்.

ரயிலில் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள். ஜார்க்கண்டிலிருந்து பிள்ளைகளை வீட்டு வேலைக்கும் செங்கல் சூளைக்கும் கடத்துவது அதிகாரிகளுக்குப் பழகிப்போன விஷயம். ரயில்வே பாதுகாப்புப் படை 'ஆபரேஷன் ஆஹத்' என்ற பெயரில் இதற்கென்றே தனியாகக் கண்காணிக்கிறது. பழங்குடிப் பிள்ளைகள் இரண்டு பேர் தமிழ் பேசும் கூட்டத்தோடு ஹவுரா பிளாட்பாரத்தில் நின்றால் விசாரிக்கத்தான் செய்வார்கள். விசாரிக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். 2025 ஜூலை 25 அன்று சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில், மூன்று இளம்பெண்களை வேலைக்கு அழைத்துப்போக வந்த கேரளக் கன்னியாஸ்திரீகள் இருவரும் உடன் இருந்த ஓர் இளைஞரும் ஆள்கடத்தல், மதமாற்றக் குற்றச்சாட்டில் கைதானார்கள். அந்தப் பெண்கள் 18 வயது கடந்தவர்கள், வீட்டார் சம்மதித்திருந்தார்கள் என்று கன்னியாஸ்திரீகள் தரப்பில் சொல்லப்பட்டது. ஆகஸ்ட் 2-ஆம் தேதிதான் பிணை கிடைத்தது. அந்த வழக்கின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. பெரியவர்கள் விஷயத்திலேயே அப்படி என்றால், 7 வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் உங்கள் நிலை என்ன?

இதில் நம் பக்கமும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2010-ல் அஸ்ஸாம், மணிப்பூர் மாநிலங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கன்னியாகுமரி மாவட்டத்து இல்லங்களிலிருந்து மீட்கப்பட்டார்கள். நல்ல படிப்பு என்று சொல்லித்தான் பெற்றோரிடமிருந்து கூட்டி வந்திருந்தார்கள். தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது பற்றி 2007-லிருந்து உச்ச நீதிமன்றத்தில் நடந்துவந்த வழக்கில் இதுவும் சேர்ந்தது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் படிப்புக்காக அவ்விரு மாநிலங்களிலிருந்து வெளியே அனுப்பக் கூடாது என்று அந்த ஆண்டே நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 மே மாதத் தீர்ப்பில், நாட்டில் உள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களையும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவு செய்து முடிக்கச் சொன்னது. உங்கள் ஊர்ப் பக்கத்துப் போர்டிங்குகளை அதிகாரிகள் ஏன் உற்றுப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2010 ஜனவரியில் ஹைத்தி நிலநடுக்கத்துக்குப் பிறகு, அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர் 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு டொமினிக்கன் எல்லையைக் கடக்கப் பார்த்துக் கைதானார்கள். அனாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். விசாரித்தால், பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். படிப்பும் நல்ல வாழ்க்கையும் கிடைக்கும் என்று நம்பி அவர்களே ஒப்படைத்திருந்தார்கள்.

சரி, அந்த அம்மாவுக்கு என்னதான் செய்வது? உங்கள் கடிதத்தில் யாக்கோபு 1:27-ஐக் காட்டியிருக்கிறீர்கள். வசனத்துக்கு விளக்கம் சொல்வது உங்கள் குருவானவரின் வேலை, என்னுடையது அல்ல. ஆனால் அதில் திக்கற்ற பிள்ளைகள் என்றதும் விதவைகளும் வருகிறார்கள் என்பது எனக்கே தெரிகிறது. உங்கள் திட்டத்தில் அந்த விதவைக்கு ஓர் இடமும் இல்லை.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவனை இழந்த தாயோடு வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குவாரிக் கூலியில் இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றும் பெண் இதற்குள் வந்துவிட வாய்ப்பு அதிகம். இரண்டு பிள்ளைகளுக்கும் கிடைத்தால் மாதம் 8,000. விண்ணப்பத்தை சாகிப்கஞ்சில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். பஹாடியா குடும்பம் என்றால் மாதம் 35 கிலோ அரிசி வீட்டுக்கே வந்து சேரும் 'டாக்கியா' திட்டம் இருக்கிறது. வருகிறதா என்று பாருங்கள். கைம்பெண் ஓய்வூதியம், அல்லது 18 முதல் 50 வயதுப் பெண்களுக்கு ஜார்க்கண்ட் அரசு தரும் 'மையா சம்மான்' தொகை வருகிறதா என்றும் கேளுங்கள். சிறுமி ஆறாம் வகுப்புக்கு வரும்போது பெண் பிள்ளைகளுக்கான அரசு உறைவிடப் பள்ளியான கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா இருக்கிறது, பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஏகலைவா உறைவிடப் பள்ளி இருக்கிறது; அவள் மாவட்டத்தை விட்டு வெளியே போகவே தேவையில்லை.

இதெல்லாம் உடனே நடக்காது. ஆதாரில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தால் நிற்கும், கணவரின் இறப்புச் சான்று இல்லையென்றால் நிற்கும். அந்த இடைக்காலத்துக்குத்தான் உங்கள் உதவி. அதைத் தாயின் வங்கிக் கணக்கில் போடுங்கள்.

போனாலே குற்றமா?

இல்லை. இந்தியாவில் எந்தச் சட்டமும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பதைத் தடுக்கவில்லை. மதத்தைப் பின்பற்றவும் அறிவிக்கவும் அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு உரிமை தருகிறது. பயமுறுத்துகிற பெரியவர் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்.

அனுமதியா என்று கேட்கும் பெரியவர் மறுபாதியை மறந்துவிடுகிறார். அறிவிக்கும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. அதனால் நமக்கு இதெல்லாம் பழக்கமில்லை. ஜார்க்கண்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. கட்டாயம், ஏமாற்று, ஆசை காட்டுதல் ஆகியவற்றின் மூலம் மதம் மாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை. சிறார், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் நான்கு ஆண்டு வரை. ஆசை காட்டுதல் என்பதில் பரிசும் பொருளுதவியும் அடங்கும்.

இப்போது உங்கள் நிகழ்ச்சி நிரலை அந்த ஊர் இன்ஸ்பெக்டர் கண்ணால் படித்துப் பாருங்கள். காலையில் பாட்டு, ஜெபம், வசனம். கடைசி நாள் துணியும் நோட்டும். நீங்கள் யாரையும் மாற்றப் போகவில்லை என்பது எனக்குப் புரிகிறது. காகிதத்தில் அது அப்படித் தெரியாது. காகிதம் கிடக்கட்டும், பிள்ளைக்கும் அப்படித் தெரியாது. சாப்பாடு, படுக்கை, படிப்பு எல்லாம் தருகிறவர்கள் 'இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்' என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளை தூக்கத்தான் செய்யும். அது விசுவாசமா, விடுதிப் பழக்கமா என்று உங்களாலும் சொல்ல முடியாது.

அதனால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். பொருள் எதுவாக இருந்தாலும் ஜெபம் இல்லாத நேரத்தில், விடுதி நிர்வாகம் மூலமாக, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி போகட்டும். வி.பி.எஸ். வேண்டுமென்றால் அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பெற்றோருக்குத் தெரிந்து, சபைக் கட்டடத்தில் நடத்துங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியின் வளாகம் என்றால் அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவையும் நினைவில் வையுங்கள்: சிறாரை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் காப்பாளரின் சம்மதம் வேண்டும். சுவிசேஷக் கைப்பிரதி மூட்டையைச் சபையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

உங்கள் சித்தப்பா மகள் விஷயம் தனி. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் மிஷனெரிப் பணியில் ஈடுபடுவதற்கு முன்கூட்டியே சிறப்பு அனுமதி பெற வேண்டும் என்று 2021 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் அறிவித்திருக்கிறது. அனுமதி இல்லாமல் வந்தால் மாட்டிக்கொள்வது அவள் மட்டும் அல்ல. இந்த முறை அவள் வேண்டாம்.

போட்டோ அட்டை

இதைச் செய்யாதீர்கள். நலக் குழுவின் விசாரணைக்கு வந்த பிள்ளையின் பெயர், படம், பள்ளி என்று ஆளைக் காட்டிக் கொடுக்கும் எதையும் வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். அந்த வரம்புக்குள் வராத பிள்ளை என்றாலும், 'குடிகார அப்பா, ஓடிப்போன அம்மா' என்ற கதையோடு தன் முகம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அந்தப் பிள்ளை இருபது வயதில் பார்க்கும். உங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் வீட்டுக் கதையை இப்படி அட்டை போட்டு அனுப்புவீர்களா? கட்டடம், கிணறு, சமையலறை, ரசீது இவற்றைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அது போதவில்லை என்கிற நன்கொடையாளரைச் சமாதானப்படுத்துவது உங்கள் வேலை அல்ல.

அத்தையின் பணமும் அப்படியே. சிங்கப்பூர்க் குடிமகள் தருவது சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. அதை வாங்க, விடுதி நடத்தும் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும் டெல்லி ஸ்டேட் வங்கியில் அதற்கான கணக்கும் இருக்க வேண்டும். 'என் அக்கவுண்டுக்கு அனுப்பச் சொல்லி நான் மாற்றிவிடுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அறவே மறந்துவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் தன் சம்பளச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தத் தடை இல்லை.

பதினான்கு பேர் எதற்கு?

உங்கள் குழுவில் பஹாடியாக்களின் மால்தோ மொழியோ சந்தால்களின் சந்தாலியோ தெரிந்தவர் யாரும் இல்லை. இந்தியும் ஒருவருக்குத்தான் சுமாராக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து நாள் நாற்பது பிள்ளைகளோடு என்ன பேசுவீர்கள்? பாட்டும் ஆக்‌ஷனும் இரண்டாவது நாளே தீர்ந்துவிடும். மால்தோ தமிழுக்குத் தூரத்து உறவுள்ள திராவிட மொழிதான், ஆனால் அந்த உறவை நம்பி இறங்க முடியாது.

போன குழு அனுப்பிய வீடியோவில் பிள்ளைகள் முதல் நாளே ஓடிவந்து கட்டிக்கொண்டதைப் பார்த்து அழுதுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த வீடியோவில் எனக்குக் கவலை தருவதும் அதுதான். வீட்டில் வளரும் பிள்ளை புது ஆளைப் பார்த்தால் அம்மாவின் பின்னால் ஒளியும். வருகிறவர் போகிறவர் எல்லோர் மடியிலும் ஏறும் பழக்கம், நிலையான ஒரு பெரியவர் இல்லாமல் வளரும் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது. குழு மாற்றிக் குழு வந்து பத்து நாள் கொஞ்சிவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறுவது அந்தப் பழக்கத்தை இன்னும் கெடுக்கும்.

மே மாதத்துக்கும் வருகிறேன். அங்கே கோடை விடுமுறை பொதுவாக மே பிற்பகுதியில் தொடங்கும். விடுமுறையில் விடுதிப் பிள்ளைகள் வீட்டில், அம்மா அப்பாவோடு இருக்க வேண்டும். உங்களுக்காக அவர்களை நிறுத்தி வைத்துவிடக் கூடாது. மலையில் தண்ணீர் அருகிப்போகும் காலமும் அதுவே. 14 பேருக்குக் குளிக்கத் தண்ணீர் சுமப்பது யார்? அண்ணன் வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஊர்க்காரர்கள் வருகிறார்கள் என்ற சந்தோஷம் அவருக்கு. சமையல் அக்காவைக் கேட்டால் தெரியும்.

என் யோசனை இது. மழை முடிந்து நவம்பருக்கு மேல் நான்கு பேர் போங்கள்: உங்கள் குழுவில் இருக்கும் இரண்டு நர்ஸ்கள், வயரிங் தெரிந்த தம்பி, நீங்கள். நான்கு பேருக்கு 38,000 ரூபாய். மீதிப் பத்துப் பேரின் 95,000 ரூபாயை ஒரு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 7,900. அந்தப் பணத்தில் அதே ஊரைச் சேர்ந்த, மால்தோவும் இந்தியும் தெரிந்த, பத்தோ பன்னிரண்டோ படித்த ஒரு பெண்ணை அரை நாள் வேலைக்கு வைக்கலாம். தாய்மார்களை பிளாக் ஆபீசுக்கும் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போவது, விண்ணப்பம் எழுதுவது, பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை. நாற்பது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு விடுதியே தேவையில்லை என்பது அந்தப் பெண் மூலமாகத்தான் தெரியவரும்.

பயணம் போகாதவர்கள் அந்த 9,500 ரூபாயைத் தருவார்களா என்று கேட்பீர்கள். பலர் தரமாட்டார்கள். இது யாருக்காகப் போகிற பயணம் என்பதை ஐக்கியக் கூட்டத்தில் வெளிப்படையாகவே பேசிவிடுங்கள். வாலிபர்கள் வெளி உலகத்தைப் பார்க்க வேண்டும், ஊழியத்துக்கு அழைப்பு உண்டா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதும் நியாயமான காரணம்தான். வட இந்தியாவில் வருடக்கணக்கில் உழைக்கும் தமிழர்கள் பலர் இப்படி ஒரு பயணத்தில்தான் தொடங்கியிருக்கிறார்கள். அதற்காகப் போவதென்றால் பெரியவர்கள் செய்யும் வேலையைப் பார்க்கப் போங்கள், பிள்ளைகளை நிகழ்ச்சி ஆக்காதீர்கள். டோனாவூர் உங்களுக்குத் தெரிந்த ஊர். 1895-ல் இந்தியா வந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1951-ல் அங்கேயே இறக்கும்வரை விடுப்பில் கூடச் சொந்த ஊர் திரும்பவில்லை. எல்லோரும் அப்படி இருக்க முடியாது. அண்ணன் இருக்கிறார் அல்லவா, அவர் கையைப் பலப்படுத்தினால் போதும்.

நர்ஸ்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் இல்லாமல் மருந்து விநியோகம் வேண்டாம். பூச்சி மாத்திரை கூட அரசே பள்ளிகளில் தருவதால் இரட்டிப்பாகிவிடும். ஜார்க்கண்டில் மணல் ஈ கடியால் பரவும் காலா அசார் காய்ச்சல் உள்ளவை சாகிப்கஞ்ச், பாகூர், கோட்டா, தும்கா ஆகிய நான்கு மாவட்டங்கள். அந்த அப்பா எந்தக் காய்ச்சலில் இறந்தார் என்று யாராவது கேட்டார்களா? இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல், வயிற்றின் இடப்பக்கம் வீக்கம் என்று எந்தப் பிள்ளையாவது இருந்தால் அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். கிராமச் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளரை அங்கே 'சஹியா' என்பார்கள். உங்கள் நர்ஸ்கள் அவரோடு வீடு வீடாக நடந்தால் ஒரு நாள் முகாமைவிடப் பலன் அதிகம். துணி, நோட்டு, செருப்பு எல்லாவற்றையும் பர்ஹர்வா கடைத்தெருவில் வாங்குங்கள். வர்ணம் அடிப்பதை உள்ளூர்க்காரருக்குக் கூலி கொடுத்து விட்டுவிடுங்கள்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்

அண்ணனிடம் இந்த நான்கையும் கேளுங்கள்.

1. விடுதி எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது? ஆதரவற்ற பிள்ளைகளை வைத்திருந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் பதிவு கட்டாயம். இல்லாமல் நடத்தினால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பெற்றோர் படிப்புக்காகவே விட்டிருக்கும் பள்ளி விடுதி என்றால், அதற்கான சேர்க்கைப் படிவமும் பள்ளியின் சான்றும் இருக்கட்டும்.

2. ஒவ்வொரு பிள்ளைக்கும் கோப்பு இருக்கிறதா? அதில் பெற்றோரின் பெயர், ஊர், கடைசியாக வந்து பார்த்த தேதி உண்டா?

3. விடுமுறையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்களா?

4. வெளியாட்கள் வந்தால் பிள்ளைகளோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதி வைத்த விதிகள் உண்டா? இல்லையென்றால் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்: விடுதிக்குள் இரவு தங்குவதில்லை, எந்தப் பிள்ளையோடும் தனியாக அறையில் இருப்பதில்லை, போன் நம்பர் வாங்குவதில்லை, தனிப்பட்ட பரிசு தருவதில்லை. பாலியல் தொல்லை பற்றிச் சிறு சந்தேகம் வந்தாலும் போலீசுக்குச் சொல்வது போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி கட்டாயம். சபையின் பெயர் கெடும் என்று மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் நால்வர் போனிலும் பதிந்து வையுங்கள்.

இதையெல்லாம் கேட்டால் அண்ணனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகாதா என்று தயங்குவீர்கள். 'சபைக் கமிட்டி கேட்கிறது, வக்கீல் கேட்கச் சொன்னார்' என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள். அவர் நேர்மையானவர் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் படுகிறது. நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சுமக்கிறவருக்கு, இரண்டு பேரை யாராவது கூட்டிப்போனால் பாரம் குறையும் என்று தோன்றுவது இயல்பு. பதிவு இல்லை என்று தெரிந்தால் கைவிட்டுவிடாதீர்கள். முதல் செலவாக அந்தப் பதிவுக்கான வேலையைச் செய்து கொடுங்கள். பதிவு செய்யவே மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொன்னால் மட்டும் பயணத்தைக் கைவிடுங்கள்.

பதில்கள் திருப்தியாக வந்தால் விடுதியின் அழைப்புக் கடிதம், நால்வர் பட்டியல், அடையாள அட்டை நகல், நிகழ்ச்சி நிரல் இவற்றை வைத்து அந்த மாவட்டத்துத் துணை ஆணையருக்கும் (அங்கே கலெக்டரை அப்படித்தான் சொல்கிறார்கள்) உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் தகவல் கடிதம் அனுப்புங்கள். சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் யாராவது புகார் கொடுத்தால், முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தவர்கள் என்பது அன்றைக்குப் பெரிய வித்தியாசம். ஊர்த் தலைவரை முதல் நாளே போய்ப் பாருங்கள்.

அந்த அம்மாவின் விண்ணப்பத்துக்கு மட்டும் நவம்பர் வரை காத்திருக்காதீர்கள். கணவரின் இறப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் இந்த மூன்றும் இருக்கிறதா என்று அண்ணனை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அதனால் டிக்கெட்டுக்கு அவசரம் இல்லை.